ஆடில்லாத வீட்டில் ஒரு மேய்ப்பு நாய்க்குட்டி

நான்கு மாதமான பார்டர் கோலி குட்டி ஒன்று வாசல்படியில் படுத்திருக்கிறது. தெருவில் ஒரு குழந்தை மூன்று சக்கர சைக்கிளில் வருகிறது. முதலில் குட்டியின் காதுகள் திரும்புகின்றன. பிறகு தலை தாழ்ந்து தோள்பட்டைக்குக் கீழே போகிறது. வால் தொங்கிவிடுகிறது. ஒரு முன்னங்கால் தரையிலிருந்து பாதி எழும்பி அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. கண் இமைப்பதில்லை. சைக்கிள் நகர்ந்ததும் குட்டி நேராக அதன்மேல் பாய்வதில்லை. அகலமாக வட்டமடித்து ஓடி, குழந்தைக்கு முன்னால் போய் மறித்து நிற்கிறது. குழந்தை பயந்து இறங்கி ஓடினால் குதிகாலில் ஒரு கவ்வு. ரத்தம் வராது, ஆனால் குழந்தை அலறும், வீட்டில் எல்லாரும் ஓடி வருவார்கள், ‘கடிக்கிற நாய்’ என்ற பெயர் அன்றைக்கே விழுந்துவிடும்.

அந்தக் குட்டிக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆட்டை அது கண்ணால்கூடக் கண்டதில்லை. நகரத்து வளர்ப்பாளர் ஒருவரிடம் பிறந்து, கறுப்பு வெள்ளை ரோமத்தின் அழகுக்காக யாரோ வாங்கிப் போய், சமாளிக்க முடியவில்லை என்று சில வாரங்களிலேயே காப்பகத்தில் விட்டுவிட, அங்கிருந்து தத்து வந்திருக்கிறது. நம் நகரத்துக் காப்பகங்களில் நாட்டு நாய்களுக்கு நடுவே இப்படிப்பட்ட சீமை நாய்களையும் இப்போது பார்க்க முடிகிறது. ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினாய், அபூர்வமாகப் பார்டர் கோலி. சில சமயம் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நம் சிப்பிப்பாறையும் கன்னியும்கூட. இவற்றை வீட்டுக்கு அழைத்து வருகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அந்த நல்ல மனசு ஆறு மாதம் கழித்தும் தளராமல் இருக்க வேண்டுமானால், குட்டியின் உடம்புக்குள்ளும் மூளைக்குள்ளும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பார்டர் கோலியை வைத்து அதைச் சொல்கிறேன். வேலைநாய்களில் அதிகம் ஆராயப்பட்ட இனங்களில் அதுவும் ஒன்று.

ஓநாயின் வேட்டை பார்ப்பதற்கு ஒரே பாய்ச்சல்போலத் தெரியும். உண்மையில் அது பல தனித்தனி அசைவுகளின் வரிசை: இரை இருக்கும் பக்கம் திரும்புதல், கண்ணெடுக்காமல் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லும் கடி, கிழித்தல், தின்னுதல். அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் கோப்பிங்கர், நாய் இனங்களுக்கு இடையிலான குண வேறுபாட்டை இந்த வரிசையைக் கொண்டே விளக்கினார். மனிதன் ஒவ்வொரு வேலைக்கும் நாயைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியபோது, இந்தச் சங்கிலியில் சில கண்ணிகள் பெருத்தன, சில மங்கின, சில அறவே மறைந்தன. பார்டர் கோலியிடம் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் பூதாகரமாக வளர்ந்திருக்கின்றன. கவ்வுதல் மங்கியிருக்கிறது. கொல்லும் கடி இல்லை. சுடப்பட்ட பறவையைச் சேதமில்லாமல் எடுத்து வர வேண்டிய ரிட்ரீவர்களிடம் துரத்தலும் மென்மையான கவ்வலும் மிஞ்சின. வெறித்துப் பார்த்துப் பதுங்குவது அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் ஆடு மேய்க்கும் கீதாரிகளின் கிடையில் நிற்கும் நாயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். நம் கிடை நாய் காவல்காரன். இரவில் ஆடுகளோடு படுத்து, நரியோ திருடனோ வந்தால் குரைப்பது அதன் வேலை. மந்தையை ஓட்டுவதும் திருப்புவதும் மேய்ப்பரின் குரலும் கம்பும். ஆட்டை முறைத்துப் பார்த்துத் துரத்துகிற நாயைக் கிடையில் வைத்துக்கொள்ள முடியாது. ஸ்காட்லாந்து–இங்கிலாந்து எல்லை மலைகளில் தேவை நேரெதிராக இருந்தது. அங்கே ஆடுகள் ஆளில்லாத சரிவுகளில் சிதறி மேயும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மந்தையைச் சுற்றி வளைத்துக் கீழே கொண்டுவர ஒரு நாய் வேண்டும். அது குரைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, ஆனால் ஆடு அதைப் பார்த்து நகர வேண்டும். வேட்டையின் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதிக்குப் போகாத நாய்தான் அதற்குச் சரி.

அப்படி ஒரு நாய் கிடைத்த கதையும் பதிவாகியிருக்கிறது. அந்த எல்லைப் பகுதியில் உள்ள நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்ற பண்ணைக்காரரிடம் ராய் என்றொரு கடுவன் இருந்தது. இணக்கமான நாய், ஆனால் அதன் பார்வைக்கு வேகம் போதாது. மெக் என்றொரு பெட்டை இருந்தது. கூச்ச சுபாவம், பார்வையோ அளவுக்கு மீறி உக்கிரம். இரண்டையும் சேர்த்ததில் 1893-இல் பிறந்த குட்டிதான் ‘ஓல்ட் ஹெம்ப்’. சத்தமில்லாமல், பார்வையாலும் நகர்வாலுமே ஆடுகளைக் கட்டுப்படுத்திய அந்த நாயை அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் தங்கள் பெட்டைகளுக்குக் கேட்டார்கள். 200-க்கும் அதிகமான குட்டிகளுக்கு அது தகப்பன். இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் அநேகமாக எல்லாமே அதனிடம் போய்ச் சேரும். 1873-இல் வேல்ஸ் நாட்டின் பாலா ஊரில் நடந்த மேய்ப்பு நாய்ப் போட்டியும், 1906-இல் உருவான பன்னாட்டு மேய்ப்பு நாய் சங்கமும் இந்தத் தேர்வை இன்னும் கூர்மையாக்கின. எந்த நாய் குட்டி போட வேண்டும் என்பதை அங்கே ரோமமும் உயரமும் தீர்மானிக்கவில்லை, மந்தை முன்னால் அது செய்த வேலை தீர்மானித்தது. தலைமுறை தலைமுறையாக மேய்ப்பர்கள் இப்படிச் சலித்தெடுத்த நரம்பு மண்டலம்தான் அந்த வாசல்படியில் படுத்திருக்கிறது.

இந்தத் தேர்வின் தடயம் மரபணுக்களிலும் தெரிகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் எலைன் ஆஸ்ட்ரண்டர் குழுவினர் 4,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மேய்ப்பு இனங்களில் தனித்துத் தெரிந்த மரபணு வேறுபாடுகள் பல, மூளை வளரும்போது நரம்பு இழைகள் எங்கே போய் இணைய வேண்டும் என்று வழிகாட்டும் மரபணுக்களோடு தொடர்புடையவையாக இருந்தன. சைக்கிளைப் பார்த்ததும் தலை தாழ்வது குட்டியின் குறும்பு என்று நினைக்கிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கோப்பிங்கர் வலியுறுத்திய இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். இந்த அசைவுகளைச் செய்வதே நாய்க்கு இன்பம். இரை கிடைப்பது அவசியமில்லை. அதனால்தான் துரத்திக்கொண்டிருக்கும் குட்டியின் முன்னால் பிஸ்கட்டை நீட்டினாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அதே 2022-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு இதற்கு எதிராகப் பேசுவதுபோல் இருக்கும். எலினார் கார்ல்சன் குழுவினர் 18,385 நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேள்விகள் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். தனித்தனி நாய்களுக்கு இடையே காணும் குண வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனம் விளக்குகிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மனிதன் சொல்வதைக் கேட்டு நடக்கும் தன்மையில் மட்டும் இனத்தின் பங்கு சற்றே கூடுதல். பயம், கோபம் போன்றவற்றில் மிகக் குறைவு.

இரண்டும் முரண்படவில்லை. நூறு பார்டர் கோலிகளையும் நூறு பக் நாய்களையும் அருகருகே நிறுத்தினால் மந்தை முன்னால் எந்தக் கூட்டம் பதுங்கும் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே ஒரு பார்டர் கோலியைக் கையில் கொடுத்து, இது பயந்த சுபாவமா, குழந்தைகளோடு ஒட்டுமா, தனியாக இருக்குமா என்று கேட்டால் இனத்தின் பெயர் அதிகம் உதவாது. ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே ஒன்று ஆட்டைப் பார்த்து உறைந்து நிற்கும், இன்னொன்று புல்லை முகர்ந்துகொண்டு போய்விடும்.

காப்பகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூண்டில் தொங்கும் அட்டையில் எழுதியிருக்கும் இனம் பெரும்பாலும் கண்பார்வைக் கணிப்பு. 2018-இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் இரண்டு காப்பகங்களின் 900-க்கும் மேற்பட்ட நாய்களை மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, கலப்பில் இருந்த இனங்களில் ஏதாவது ஒன்றையாவது ஊழியர்கள் சரியாகச் சொன்னது மூன்றில் இரண்டு பங்கு நாய்களில்தான். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது சுமார் பத்தில் ஒன்றில். அனுபவமுள்ளவர்களின் நிலையே அது. ஆகவே அட்டையை விட்டுவிட்டு, குட்டியைத் தினமும் கையாளும் பராமரிப்பாளரோடு அரை மணி நேரம் பேசுங்கள். எது கேட்டால் பயப்படுகிறது, பயந்தால் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது, சாப்பாட்டுத் தட்டின் பக்கம் போனால் என்ன செய்கிறது, மற்றக் குட்டிகள் தூங்கும்போது இதுவும் தூங்குகிறதா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதில்களையும் ஜாதகம்போல நம்ப வேண்டாம். வியன்னாவில் பார்டர் கோலிகளையே பிறந்த சில நாளிலும், ஆறேழு வார வயதிலும், வளர்ந்த பிறகும் சோதித்துப் பார்த்த ஆய்வில், ஆறேழு வாரத்தில் தெரிந்த குணங்களில் புது இடத்தைத் துருவிப் பார்க்கும் ஆர்வம் ஒன்றுதான் பெரிய நாயிடமும் ஒத்துப்போனது. மற்றவற்றைத் தீர்மானிக்கக் காலமும் வளர்ப்பும் மிச்சமிருந்தன.

இப்போது, இப்படிப்பட்ட குட்டிகளை அதிகம் கெடுக்கும் ஓர் அறிவுரைக்கு வருகிறேன். ‘இது ரொம்ப எனர்ஜி உள்ள ஜாதி, நல்லா ஓட விடுங்க, களைச்சுப் போனா அடங்கிடும்’ என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். குடும்பமும் அப்படியே செய்யும். முதல் வாரம் அரை மணி நேர ஓட்டத்தில் குட்டி சுருண்டு படுக்கும். மூன்றாம் வாரம் ஒரு மணி நேரம் தேவைப்படும். மூன்றாம் மாதம் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்து சோபாவைப் பிய்க்கும். தினமும் ஓடுகிற உடம்பு தினமும் பலப்படுகிறது, அவ்வளவுதான். நீங்கள் நாயைக் களைப்படைய வைக்கவில்லை, ஓட்டப் பந்தய வீரனாக்கிக் கொண்டிருக்கிறீர்கள். கூடவே, கிளர்ச்சியிலேயே இருப்பதுதான் இயல்பு என்று அதன் மூளையும் பழகிவிடுகிறது.

மேய்ப்பர்கள் இதைச் செய்வதே இல்லை. மலைப் பண்ணையில் குட்டிக்குப் பத்து மாதமோ ஒரு வயதோ ஆகும்வரை, ஆட்டைவிட வேகமாக ஓடும் வலு வரும்வரை, முறையான மேய்ப்புப் பயிற்சி இருக்காது. அதுவரை அது பெரிய நாய்களின் பின்னால் திரியும், கொட்டிலில் தூங்கும், பெயரைச் சொன்னால் வரக் கற்றுக்கொள்ளும். வேலைக்கு வந்த பிறகும் நாளெல்லாம் ஓடுவதில்லை. அங்கே தேசிய மேய்ப்புப் போட்டியில் ஒரு நாயின் முழு ஆட்டமும் சுமார் கால் மணி நேரம். மற்ற நேரத்தில் வேலியோரம், வண்டியின் பின்பக்கம், மேய்ப்பரின் காலடி என்று காத்துக் கிடக்கும். உலகத்தின் மிகத் துடிப்பான வேலைநாய் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் காத்திருப்பதில் கழிக்கிறது. அந்தக் காத்திருப்பையும் அதற்கு யாரோ கற்றுத்தந்திருக்கிறார்கள்.

குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும். சாதாரணக் குட்டி களைத்தால் விழுந்த இடத்தில் தூங்கிவிடும். மேய்ப்பு இனக் குட்டி தூங்காது. வீட்டில் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்கும்வரை அது கண்காணித்துக்கொண்டிருக்கும். மின்விசிறியின் நிழல், ஜன்னலோரக் காகம், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும் பாட்டி. தூக்கம் கெட்ட குட்டி மாலை ஏழு மணிக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும், கையைக் கடிக்கும், புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். வீட்டார் அதை ‘சக்தி மிச்சமிருக்கிறது’ என்று எண்ணி மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் இன்னும் ஓட வைப்பார்கள். அதற்குத் தேவை நேரெதிர்: திரை போட்ட இருட்டான மூலை, கதவு திறந்த கூண்டோ விரிப்போ, மெல்ல ஒரு பொருள், ஒன்றரை மணி நேர நிம்மதி. தூக்கத்தைப் பற்றிய அந்தக் கடைசிக் கேள்வி இதற்காகத்தான். காப்பகத்தின் இரைச்சலிலும் தூங்கத் தெரிந்த குட்டி பாதிக் கிணறு தாண்டிவிட்டது.

ஓட்டத்தில் உடம்புக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. குட்டியின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் குருத்தெலும்பாலானவை. இந்த அளவு நாயில் அவை இறுகி எலும்பாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். நார்வேயில் நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்குப் பின்னாளில் இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. மென்மையான, மேடுபள்ளமான நிலத்தில் கட்டில்லாமல் தன்னிஷ்டப்படி திரிந்த குட்டிகளுக்கு அது குறைந்திருந்தது. மூன்றாம் மாடி வீட்டுக்குத் தத்து வரும் குட்டியைச் சில மாதம் தூக்கிக்கொண்டு இறங்குவது நல்லது. தார்ச்சாலையில் ஸ்கூட்டர் பக்கத்தில் ஓடவிடுவது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் அந்த மூளைக்கு என்ன தீனி போடுவது? முதலில் மூக்கு. தட்டில் வைக்கும் சாப்பாட்டின் ஒரு பகுதியைப் புல்லில் தூவிவிடுங்கள். பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் ஒளித்து வையுங்கள். கூடத்தில் ஐந்து அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் மட்டும் வேகவைத்த கோழித் துண்டை வையுங்கள். குட்டி தலையைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, தானாக முடிவெடுத்துத் தேடும். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடிய வீட்டு நாய்கள், தெளிவில்லாத சூழ்நிலையைக் கூடுதல் நம்பிக்கையோடு அணுகின. அதே இரண்டு வாரம் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி பெற்ற நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. மோப்பத்தில் நாய்க்குத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அடுத்தது சொல். பார்டர் கோலியின் நினைவாற்றலுக்குச் சான்றாக அமெரிக்காவின் சேஸர் என்ற பெட்டையைச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி மூன்று வருடத்தில் அதற்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுத்தந்து 2011-இல் ஆய்வாக வெளியிட்டார். உங்கள் குட்டிக்கு ஆயிரம் வேண்டாம். செருப்பு, பந்து, கரடி என்று மூன்று பெயர் போதும். மூன்று நிமிடம் விளையாடி நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கென்று ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பர்களிடம் வேலை முடிந்ததைச் சொல்லும் கட்டளை ஒன்று எப்போதும் உண்டு. அதைக் கேட்டதும் நாய் ஆட்டை விட்டுத் திரும்பி வந்துவிடும். ‘போதும்’ என்ற ஒரே சொல்லை வீட்டில் எல்லாரும் ஒரே தொனியில் சொன்னால் குட்டிக்கும் அது விளங்கும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று லேசர் விளக்கு. பிடிக்கவே முடியாத ஒளிப்புள்ளியைத் துரத்தும் நாய்க்கு வேட்டை வரிசை ஒருபோதும் முடிவதில்லை. நிழலையும் சுவரில் விழும் வெளிச்சத்தையும் நாள் முழுக்கத் தேடும் தீராத பழக்கமாக அது மாறிவிடலாம், மேய்ப்பு இனங்கள் அதற்கு எளிதில் ஆளாகின்றன. மற்றொன்று ஒரே பந்தை நூறு தடவை எறிவது. பதுங்கலும் தேடலும் இல்லாமல் துரத்தலை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்புகிற வேலை அது.

குழந்தையின் குதிகாலைக் கவ்வும் பிரச்சினைக்கு அடி தீர்வாகாது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், கழுத்துப்பட்டையைச் சுண்டுவது, அதட்டுவது போன்ற முறைகளில் பயிற்சி பெற்ற நாய்கள் பயிற்சியின்போது அதிகப் பதற்றம் காட்டின, எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் அளவு கூடியிருந்தது, புதிய சூழலில் கெட்டதையே எதிர்பார்த்தன. தலை தாழ்ந்து கண் நிலைகுத்தும் அந்த முதல் இரண்டு விநாடிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். துரத்தல் தொடங்கிவிட்டால் காது கேட்காது. பார்க்கத் தொடங்கியதுமே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பினால் தின்பண்டம். தூரம் அதிகமான இடத்தில் தொடங்கி நாளாக நாளாக நெருங்குவது. அதுவரை குழந்தை ஓடியாடும் நேரத்தில் குட்டி லீஷிலோ தடுப்புக்கு அந்தப் பக்கமோ இருக்கட்டும்.

தத்துக் குட்டிக்கே உரிய கவலை ஒன்று இருக்கிறது: அதன் முதல் வாரங்கள் எப்படிப் போயின என்று தெரியாது. அமெரிக்காவில் பார் ஹார்பர் ஊரின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நடத்தி 1965-இல் நூலாக வெளியிட்ட நீண்ட ஆய்வு, குட்டி உலகத்தோடு பழகும் வாசல் சுமார் மூன்றாவது வாரத்தில் திறந்து பன்னிரண்டாவது வாரம்போல் சாத்தத் தொடங்குகிறது என்று காட்டியது. அங்கேயே நடந்த சோதனையில், பதினான்கு வாரம் வரை மனித வாடையே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரோடு ஒட்டவே பெரும்பாடு பட்டன. எட்டு வாரக் குட்டி கைக்கு வந்தால் மீதமிருப்பது ஒரு மாதம். தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று அந்த மாதத்தை நான்கு சுவருக்குள் கழித்துவிடக் கூடாது. பார்வோ நோய் உண்மையான ஆபத்துதான். தெருநாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். ஆனால் முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்தபின் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம், காய்கறிக் கடை, பள்ளிக்கூட வாசல் என்று போகலாம். ஊசி போட்ட ஆரோக்கியமான நாய் இருக்கும் வீடுகளுக்கு விருந்து போகலாம். அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-லிருந்தே இதை வலியுறுத்தி வருகிறது. ஹெல்மெட் போட்ட ஆள், குடை, ஊன்றுகோல், மிக்ஸிச் சத்தம், மேளம் எல்லாம் குட்டிக்குப் பழகட்டும். பட்டாசு ஒலியைக் கைபேசியில் மிக மெதுவாக வைத்துச் சாப்பாடு கொடுங்கள். பின்லாந்தில் 13,700 நாய்களை ஆராய்ந்தபோது மூன்றில் ஒன்றுக்குச் சத்தத்தின்மேல் பயம் இருந்தது; தீபாவளிக்கு முதல் நாள் தொடங்கினால் பலன் இராது.

இனி ஒரு மருந்து எச்சரிக்கை. இதைக் காப்பகத்திலும் கேளுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றில் ஏபிசிபி1 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கும். மூளைக்குள் புகும் சில மருந்துகளை வெளியே தள்ளும் புரதம் அதனால் சரியாக உருவாவதில்லை. நீண்ட ரோமக் கோலிகளில் இந்தக் குறை மிகச் சாதாரணம், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் அதிகம். பார்டர் கோலியில் அபூர்வம். ஆனால் கலப்புக் குட்டியின் பூர்வீகம் யாருக்குத் தெரியும்? சொறிக்கும் உண்ணிக்கும் நம் ஊரில் தாராளமாகப் போடப்படும் ஐவர்மெக்டின் ஊசி, அந்த அளவில், இக்குறை உள்ள நாயைத் தள்ளாட வைக்கும், கோமாவுக்குக் கொண்டுபோகும், கொல்லவும் செய்யும். மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரை லோபராமைடும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் வேறு மருந்து கேளுங்கள். சொறிக்கும் உண்ணிக்கும் இப்போது மாற்று இருக்கிறது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய் மூச்சிரைத்தே உடம்பைத் தணிக்கிறது; கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அந்த வழியும் பாதி அடைபடும். பார்டர் கோலிகளில், முழு ஆரோக்கியமாக இருந்தும் கடும் ஓட்டத்தின்போது சில நிமிடங்களிலேயே கால் பின்னித் தள்ளாடி விழும் ஒரு கோளாறு தனியாகவே பதிவாகியிருக்கிறது. வெப்பத்தில் அது கூடும். வேலை ஆர்வத்தில் இந்த இனம் தானாக நிற்காது, நிறுத்த வேண்டியவர் நீங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் ஏறுமுன் நடை, பகலில் மூக்கு விளையாட்டு, மாலையில் தார் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு இறங்குவது.

எட்டாவது மாதம்போல் எல்லாம் கைமீறியதாகத் தோன்றும். கற்றதெல்லாம் மறந்துபோனதுபோல் இருக்கும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழுவினர் 2020-இல் வெளியான ஆய்வுக்காக வழிகாட்டி நாய்க்குட்டிகளைச் சோதித்தபோது, ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த குட்டிகள் எட்டு மாதத்தில் தங்களை வளர்ப்பவர் சொன்னால் அடம்பிடித்தன. அந்நியர் சொன்னால் உட்கார்ந்தன. ஒரு வயதானதும் சரியாகிவிட்டன. நாய்கள் அதிகமாகக் கைவிடப்படும் பருவமும் ஏறக்குறைய இதுதான் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்தால் வேறு நாயாகியிருக்கக்கூடியவை அந்தக் கூண்டுகளில் நிற்கின்றன.

எல்லா வீட்டுக்கும் இந்தக் குட்டி பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருவரும் காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் வீடு, நடை பழகும் குழந்தை உள்ள வீடு, மூட்டு வலியோடு தாத்தா மட்டும் பகலில் இருக்கும் வீடு என்றால், இரண்டு வயது தாண்டிய அமைதியான நாட்டு நாய் ஒன்று காப்பகத்தில் உங்களுக்காகவே இருக்கும். பொறுப்பான காப்பகங்கள், முடியாமல் போனால் வேறு யாரிடமும் தராமல் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவெடுக்க முடியாமல் தயங்குகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளில் தங்க வைத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. அந்த இரவுகளில் நாய்களின் கார்டிசால் குறைந்தது. காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்தது, அதைத் தாண்டி ஏறவில்லை. ஓரிரு நாள் வீட்டைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவது கொடுமை என்று நாம் பயப்படுவதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் ஊர்க் காப்பகத்தில் வார இறுதிக்கு நாயை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், தொடங்க முடியுமா என்று கேளுங்கள்.